ஒரு மைப்புட்டி, மூன்று தீர்ப்புகள்

இயற்பியல் செய்முறைப் பதிவேடுகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. இன்று பெரும்பாலான மாணவர்கள் பந்துமுனைப் பேனாவால்தான் எழுதுகிறார்கள். ஒருமுறை மூன்று பேர் மட்டும் மைப் பேனாவுக்கு மாறினார்கள். மயிலாப்பூர் லஸ் முனைக்கு அருகே ஒரு கடையில் நீல மைப்புட்டி ஒன்றை வாங்கி, மூவருமாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். ஒரு வாரம் சென்றபின், "மை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

மயிலாப்பூர் மாணவர் உதட்டைப் பிதுக்கினார். "சரியாக இறங்கவே மாட்டேன் என்கிறது, சார். எழுத்தெல்லாம் வெளிறிப் போகிறது."

தியாகராய நகர் மாணவர் குறுக்கிட்டார். "எனக்கு நேர்மாறு, சார். தாளில் ஊறி மறுபக்கம் தெரிகிறது. போதாததற்குச் சட்டைப் பையிலும் கசிந்துவிட்டது."

அடையாற்று மாணவர் சொன்னது இது: "நிறம் அருமை, சார். சட்டையில் பட்ட கறையும் ஒரே அலசலில் போய்விட்டது. ஆனால் பதிவேட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் சிந்தியது; ஒரு பரிசோதனையே அழிந்துவிட்டது."

புட்டி ஒன்று, மை ஒன்று, தீர்ப்புகளோ மூன்று! இவர்களில் யார் சொல்வது சரி? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களில் படித்த பல செய்திகள் ஒரு பேனா முனையில் ஒன்று சேர்வதைக் காணலாம்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண நீல மையின் பெரும்பகுதி வெறும் நீர்தான். அந்நீரில் சிறிதளவு சாயம் கரைந்திருக்கும். நிப்பு விரைவில் காய்ந்து போகாமல் இருக்கக் கிளிசரின் போன்ற ஒரு பொருள், பூஞ்சை பிடிக்காமல் தடுக்க ஒரு பொருள், மை தாராளமாகப் பரவி ஓட உதவும் ஒரு பொருள் ஆகியவையும் சிறிதளவு சேர்க்கப்படும்.

இந்தச் சாயங்களின் வரலாறு சுவையானது. 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது! அனிலீன் என்னும் பொருளிலிருந்து அது பிறந்தது. அதன் வழியே சென்ற வேதியியலறிஞர்கள் 1860களில் அனிலீன் நீலச் சாயங்களையும், அவற்றை நீரில் கரையச் செய்யும் முறையையும் கண்டுபிடித்தார்கள். 'ராயல் புளூ' என்று விற்கப்படும் மைகளில் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் சாயங்களே உள்ளன.

இச்சாய மூலக்கூறின் நடுவே ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள். இந்த அமைப்பு முழுவதிலும் பரவி நிற்கும் எலெக்ட்ரான்கள் வெண்ணொளியின் ஆரஞ்சு, மஞ்சள் பகுதிகளை உறிஞ்சிக் கொள்கின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. நடுக் கார்பனில் வேறோர் அணுத்தொகுதி வந்து ஒட்டிக்கொண்டால் எலெக்ட்ரான்களின் பாதை முறிகிறது, நிறமும் மறைகிறது. மையை அழிக்கும் பேனாக்கள் வேலை செய்வது இவ்வாறுதான். அவை சாயத்தைத் துடைத்து எடுப்பதில்லை, நிறமற்றதாக மாற்றிவிடுகின்றன.

முதல் தீர்ப்பு: "இறங்கவில்லை"

பேனாவைத் தலைகீழாகப் பிடித்தும் மை ஏன் கொட்டிவிடுவதில்லை? தாளைத் தொட்டவுடன் மட்டும் ஏன் இறங்குகிறது?

மை வெளியேற வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். நிப்புக்கு அடியில் உள்ள துண்டை 'நாக்கு' என்பார்கள். அதில் மை வரவும் காற்று போகவும் நுண்ணிய கால்வாய்கள் வெட்டப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன். அவர் காப்புரிமை பெற்றது 1884இல்.

கால்வாயிலும் நிப்பின் பிளவிலும் மையைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. நுண்புழைக் குழாயில் நீர் ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும். ஆரம் 0.1 மி.மீ. ஆனால் சுமார் 15 செ.மீ. ஏறும். வழி குறுகக் குறுக, பிடி இறுகுகிறது. நிப்பு தாளைத் தொட்டதும், தாளின் நார்களுக்கிடையே உள்ள இன்னும் நுண்ணிய இடைவெளிகள் மையைத் தம்பக்கம் இழுக்கின்றன. இந்த இழுபறியில் தாள் வெல்கிறது, எழுத்து உண்டாகிறது.

ஆனால் குறுகிய வழிக்கு மற்றொரு குணமும் உண்டு. பாயும் நீர்மத்துக்கு அது கடுமையான தடை. இரு தட்டையான பரப்புகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால், அதே அழுத்த வேறுபாட்டில் பாயும் நீர்மம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மயிலாப்பூர் மாணவரின் பேனாவை உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். நிப்பின் இரு பாதிகளும் நுனியில் ஒன்றையொன்று அழுத்திக் கொண்டிருந்தன. பிளவு இருப்பதே தெரியவில்லை. அவர் குறை கூறியது மையை, குற்றமோ நிப்பினுடையது. அதே பேனாவில் வேறொரு நிப்பைப் பொருத்தியதும் அதே மை நன்றாக இறங்கியது.

இரண்டாம் தீர்ப்பு: "கசிகிறது, ஊறுகிறது"

தியாகராய நகர் மாணவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதிவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பாண்டி பஜார் வெயிலில் நடப்பவர். அவருடைய பேனாவில் பாதி மைதான் மிச்சம். மீதி இடத்தில் 1 மில்லி லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை 25 டிகிரி செல்சியசிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால் அந்தக் காற்று எவ்வளவு விரியும்? சார்லஸ் விதிப்படி 298 கெல்வினுக்கு 15 கெல்வின், அதாவது ஏறத்தாழ 5 சதவீதம். 1 மில்லி லிட்டரில் 5 சதவீதம் என்றால் 0.05 மில்லி லிட்டர். ஒரு சாதாரணச் சொட்டின் அளவு அதுவே! உள்ளே நீராவியின் அழுத்தமும் கூடுவதால் உண்மையில் இன்னும் சிறிது அதிகமாகவே வெளிவரும்.

ஆக, அவர் சட்டைப் பையில் விழுந்த சொட்டு, சார்லஸ் விதி போட்ட கையெழுத்து. பேனா நிறைய மை இருந்தால் உள்ளே காற்று குறைவு; கசிவும் குறைவு. 'மை தீரப் போகும்போது பேனா கக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

மறுபக்கம் ஊறியது ஏன்? தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். வெறும் நார்ப் பின்னலில் மை, திரியில் எண்ணெய் ஏறுவது போல் எல்லாப் பக்கமும் ஓடும். ஒற்றுத்தாளில் நடப்பது அதுவே. ஆகையால் எழுதும் தாளைச் செய்யும்போது மாவுப்பொருள், ரெசின் போன்றவற்றைச் சேர்த்து நார்களின் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறார்கள். இந்தப் பூச்சு குறைந்த மலிவான தாளில் எந்த மையும் பூ விரிந்தாற்போல் பரவும். தியாகராய நகர் மாணவர் எழுதியது சொரசொரப்பான தாள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில். அதே பேனாவால் வழவழப்பான பதிவேட்டுத் தாளில் எழுதச் சொன்னேன். கோடுகள் கத்தரித்தாற்போல் விழுந்தன.

மூன்றாம் தீர்ப்பு: "அழிந்துவிட்டது"

முதல் இரண்டு புகார்களிலும் மை குற்றவாளி அன்று. அடையாற்று மாணவர் சொன்னதோ மையின் உண்மையான இயல்பு. ஆனால் அவர் ஒரே மூச்சில் ஒரு புகழ்ச்சியையும் ஒரு குறையையும் சொன்னார் அல்லவா? சட்டையில் பட்டது போய்விட்டது என்று மகிழ்ந்தார்; தாளில் எழுதியது போய்விட்டது என்று வருந்தினார். இவை இரண்டும் ஒரே செய்தி!

பருத்திச் சட்டை எதனால் ஆனது? செல்லுலோசால். தாள் எதனால் ஆனது? அதுவும் செல்லுலோசால்தான். கழுவினால் போகும் நீலச் சாயம் செல்லுலோசை இறுகப் பற்றுவதில்லை. நீர் வந்ததும் கரைந்து அதனுடன் சென்றுவிடுகிறது. அதற்குப் பருத்திச் சட்டை எது, தாள் எது என்ற வேறுபாடு தெரியாது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. இந்த வகைச் சாயம் அவற்றைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே பட்டுப் பாவாடை உடுத்தியிருக்கும் நாளில் எச்சரிக்கையாக இருங்கள்.

இதை நான் நூலில் படித்து அறிந்ததைவிட வெள்ளத்தில் அறிந்ததே அதிகம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர, அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பள்ளிச் சான்றிதழ்களையும் பாடப் புத்தகங்களையும் இழந்தவர்கள் பலர். நகல் சான்றிதழ் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று.

கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தது எங்கள் வீடு. கீழ் அலமாரியில் என் முதுகலை வகுப்புக் குறிப்பேடுகள் ஆறும், என் தந்தையார் எழுதிய வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றும் இருந்தன. வெள்ளம் வடிந்தபின் அவற்றை மொட்டை மாடியில் உலர்த்தினோம். இரண்டாண்டுகள் நான் ஆசையோடு நீல மையில் எழுதிய பக்கங்கள் வெளிறிய நீல மேகங்களாக இருந்தன. ஒரு சமன்பாடுகூட மிஞ்சவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும், என் ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது. 'இந்தப் படியை மறுபடி சரிபார்க்கவும்' என்பது அக்குறிப்பு. எந்தப் படி என்றுதான் இனி ஒருபோதும் தெரியாது. அந்த ஆசிரியர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

தந்தையாரின் கணக்குப் புத்தகம் சேறு படிந்து, தாள் சுருங்கியிருந்தது. ஆனால் அரிசி விலையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை எல்லா வரிகளையும் படிக்க முடிந்தது. அவர் எழுதியது பழைய நீலக்கறுப்பு மையால்.

பென்சில் எழுத்து தப்பியதற்குக் காரணம் எளிது. அது கிராஃபைட், அதாவது கார்பன், நீரில் கரையாது. நம் ஓலைச்சுவடிகளிலும் எழுத்தாணியால் கீறிய எழுத்தின்மேல் விளக்குக் கரியைத் தடவுவார்கள். அதுவும் கார்பனே. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் 1886இல் தொடங்கப்பட்ட நூலகத்திலும், பெசன்ட் நகரில் உள்ள உ.வே. சாமிநாதையர் நூலகத்திலும் இத்தகைய சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

கடுக்காயும் அன்னபேதியும்

நீலக்கறுப்பு மை தப்பியதற்குக் காரணம் வேறு. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடை போன்ற ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், மாசிக்காய், அன்னபேதி என்று கேட்டுப் பாருங்கள். பழங்காலத்து எழுதும் மைக்கு வேண்டிய முக்கியச் சரக்குகள் அவையே. கடுக்காயிலும் மாசிக்காயிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட், அதாவது இரும்பின் உப்பு.

இவை இரண்டும் நீரில் சேரும்போது முதலில் நிறம் அவ்வளவாக இல்லை. தாளில் எழுதிக் காற்றுப் பட்டதும், ஆக்சிஜனால் பெரஸ் இரும்பு பெரிக் இரும்பாக மாறி, டானினோடு சேர்ந்து கருநிறச் சேர்மமாகிறது. இது நீரில் கரையாது. நீர்மமாக நார்களுக்குள் புகுந்து, அங்கேயே திண்மமாகிச் சிக்கிக்கொள்கிறது. கதவுக்குள் நுழைந்த சிறுவன் உள்ளேயே வளர்ந்து பெரியவனாகி, நுழைந்த வழியே வெளிவர முடியாமற் போனது போல!

எழுதும்போதே எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக இந்த மையில் ஒரு நீலச் சாயத்தையும் கலந்தார்கள். எழுதியவுடன் நீலம், பிறகு கறுப்பு. 'நீலக்கறுப்பு' என்ற பெயருக்குப் பொருள் இதுவே. இங்கிலாந்தில் ஹென்றி ஸ்டீபன்ஸ் 1830களில் இவ்வகை மையைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கினார்.

இதற்கும் குறை உண்டு. இது அமிலத் தன்மை உடையது. எஃகு நிப்பை அரிக்கும். அளவு மிஞ்சினால் நாளடைவில் தாளையும் தின்னும். பேனாவுக்குள் காய்ந்தால் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மைப் பேனாவுக்கென்று தயாரிப்பதில் இரும்பை மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள். இந்தியத் தர வரையறைகளில் சாய மைக்கும் இரும்பு மைக்கும் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இன்று 'நீலக்கறுப்பு' என்ற பெயரோடு வரும் மைகள் பலவற்றில் இரும்பே இல்லை. நீலமும் கறுப்பும் கலந்த வெறும் சாயங்கள் அவை. புட்டியின் மேலுள்ள பெயரை நம்பிப் பயனில்லை. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

நம் நாட்டு மை

மையைத் தீர்ப்புக்கு உள்ளாக்கியது நாம் மட்டுமல்ல. நாடே ஒரு காலத்தில் அதைச் செய்தது. 1931இல் பம்பாயில் தொடங்கப்பட்ட தண்டேகர் நிறுவனம் முதலில் 'குதிரை மார்க்' மைத்தூளும் மை மாத்திரையும் விற்றது. பிறகு 'கேமல்' மையைக் கொண்டுவந்தது. மாத்திரையை நீரில் கரைத்து மை தயாரித்த காலத்தில், எழுத்தின் அடர்த்தி நீர் ஊற்றுபவரின் கையில் இருந்தது!

வங்காளத்தில், அந்நிய மைக்கு மாற்றாகச் சுதேசி மை வேண்டும் என்று காந்தியடிகள் விரும்ப, வேதியியலறிஞர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா அதற்கு வழி கண்டார். 1934இல் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மைத் தொழிலைத் தொடங்கினார்கள். கல்கத்தாவின் ஜாதவ்பூரில் வளர்ந்த அத்தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. 2020இல் சுலேகா மை மீண்டும் விற்பனைக்கு வந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவர் துணையோடு, பழைய உடையில், செய்தித்தாள் விரித்து இவற்றைச் செய்யுங்கள். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

1. சாக்பீஸ் சோதனை: ஒரு சாக்பீசின் அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் சிறிய மைப் புள்ளி வையுங்கள். அடிப்பகுதி மட்டும் நனையுமாறு நீரில் நிறுத்துங்கள். புள்ளி நீருக்கு மேலே இருக்கட்டும். நீர் ஏறும்போது சாயமும் ஏறும். ஒரே சாயமா, பல சாயங்களின் கலவையா என்பது தெரிந்துவிடும்.

2. நீர்ச் சோதனை: ஒரு தாளில் வெவ்வேறு மைகளாலும் பென்சிலாலும் ஒரே சொல்லை எழுதி, ஒரு நாள் காயவிடுங்கள். தாளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை ஓர் இரவு நீரில் ஊறப் போடுங்கள். காலையில் இரண்டு பாதிகளையும் ஒப்பிடுங்கள்.

3. வெயில் சோதனை: எழுதிய தாளில் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். சென்னை வெயிலுக்கு இதைவிட நல்ல பயன் கிடைக்காது.

4. கடுக்காய் மை: துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். கடுக்காய்த் தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியபின் இரண்டையும் சில சொட்டுகள் கலந்து பாருங்கள். ஒரு குச்சியால் தொட்டு எழுதிக் கவனியுங்கள். இதைப் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்!

எல்லாவற்றிலும் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மையை ஒப்பிடும்போது பேனாவும் தாளும் மாறக்கூடாது. தாளை ஒப்பிடும்போது மையும் பேனாவும் மாறக்கூடாது. என் மாணவர்கள் மூவரும் தவறியது இங்கேதான். பேனா, தாள் இரண்டையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, மையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள்.

பின்னர் அவர்களையே அந்த மையைப் பற்றிப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். அடையாற்று மாணவர் இவ்வாறு எழுதியிருந்தார்: 'பிளவு சரியாக உள்ள நிப்பில் தாராளமாக இறங்குகிறது. பூச்சுள்ள தாளில் பரவுவதில்லை. ஓர் இரவு நீரில் ஊறினால் படிக்க முடியாதபடி அழிகிறது. வகுப்புக் குறிப்புக்கு ஏற்றது. பாதுகாக்க வேண்டியவற்றுக்கு ஏற்றதன்று.' முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பொதுத் தேர்வு வினாத்தாளில் நீலம் அல்லது கறுப்பு மையில் எழுதவும், படங்களைப் பென்சிலால் வரையவும் அறிவுறுத்துவார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் பாட்டி சொல்லக் கேட்டு எழுதிய வைத்தியக் குறிப்பு, தாத்தாவின் கடிதம், உங்கள் நாட்குறிப்பு போன்றவை வீட்டில் இருந்தால், அவை எந்த மையில் எழுதப்பட்டுள்ளன என்று இந்த வாரமே பாருங்கள். அவற்றின்மேல் நீர்ச் சோதனை செய்துவிடாதீர்கள்! நகல் எடுத்து, அசலை நெகிழி உறையில் இட்டு, மேல் அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் தந்தையாரின் கணக்குப் புத்தகம் இப்போது அங்கேதான் இருக்கிறது.